பாட்டைப் போடாதீர்கள், பாடுங்கள்

குழந்தை பிறந்த வீட்டுக்குத் தொட்டில் வரும்போதே புளூடூத் ஸ்பீக்கரும் வந்துவிடுகிறது. என்னென்ன பாட்டு போடுவது என்ற பட்டியல் வளைகாப்புக்கு முன்பே தயாராகிவிடுகிறது. அப்பாவும் அம்மாவும் சிறுவயதில் கேசட்டில் கேட்ட குழந்தைப் பாடல்கள், ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’ படங்களின் தாலாட்டுகள், கொஞ்சம் வீணை, கொஞ்சம் மொசார்ட் என்று எல்லாம் அதில் இருக்கும். கனடாவிலோ அமெரிக்காவிலோ பிறந்து வளர்ந்த பெற்றோர் என்றால், 1976-ல் தன் முதல் குழந்தைப் பாடல் ஆல்பத்தை வெளியிட்ட ராஃபியும் பட்டியலில் இருப்பார். பாட்டுகள் வீட்டுக்கு வீடு மாறும். பின்னால் இருக்கும் நம்பிக்கை மட்டும் மாறுவதில்லை: நல்ல பாட்டாகப் பார்த்துப் போட்டுவிட்டால் போதும், குழந்தை அதைக் கேட்டே வளர்ந்துகொள்ளும்.

இந்த நம்பிக்கை தவறானது. தவறு என்பதோடு முடிந்திருந்தால் கண்டித்து எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. வீட்டில் ஒருவர் வாய்திறந்து பாடும் பழக்கத்தை இது நம் கண்ணெதிரே அழித்துக்கொண்டிருக்கிறது. பறிபோவது குழந்தைக்கு உரிய ஒன்று. கேட்டு வாங்கும் வயது அதற்கு இல்லை என்பதால் நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கையின் அறிவியல் முகத்தை முதலில் பார்ப்போம். மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்று இன்றும் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றில் ஹெட்போனை வைக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். இதற்கெல்லாம் மூலம் 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை. ஃபிரான்சிஸ் ராஷரும் அவருடைய சகாக்களும் 36 கல்லூரி மாணவர்களுக்கு இரு பியானோக்களுக்கான மொசார்ட்டின் சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினார்கள். அதன்பின் காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கேள்விகளுக்கு அவர்கள் சற்றுக் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். அந்த முன்னேற்றம் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அந்த ஆய்வில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை.

கட்டுரையில் இல்லாத குழந்தையை வியாபாரமும் அரசியலும் உள்ளே கொண்டுவந்தன. 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். அதே ஆண்டு ஃபுளோரிடாவில் அரசு நிதி பெறும் குழந்தைக் காப்பகங்கள் தினமும் செவ்வியல் இசை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று சட்டமே வந்தது. பின்னர் 2010-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 40 ஆய்வுகளை, மூவாயிரம் பேருக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொசார்ட்டுக்கென்று தனிச்சக்தி எதுவும் தென்படவில்லை. மொசார்ட் பிறந்த நாட்டிலிருந்தே வந்த தீர்ப்பு அது. ஆனாலும் நம் ஊர்க் கடைகளிலும் செயலிகளிலும் அந்தச் சரக்கு இன்னும் விலைபோகிறது.

மொசார்ட் கதையை நம்பாதவர்களும் ஏராளம். அவர்கள் சொல்வது வேறு: “அறிவு வளர்வது இருக்கட்டும். நான் கேட்டு வளர்ந்த பாட்டை என் பிள்ளையும் கேட்கட்டுமே.” இந்த ஆசையில் பாசம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் இந்த ஆசையும் அதே தவறான வழியில்தான் போகிறது. பழைய கேசட்டில் நாம் நேசிப்பது எதை? கேசட்டை மாற்றிப் போட்ட அப்பாவை, கூடவே பாடிய அக்காவை, மின்சாரம் போனதும் மிச்சப் பாட்டைத் தன் குரலில் முடித்துவைத்த பாட்டியை. அந்த மனிதர்கள் பாட்டோடு ஒட்டிக்கொண்டதால்தான் முப்பது வருடம் கழித்தும் அது கேட்டதும் மனம் இளகுகிறது. அதே பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டால், பாட்டு மட்டும் பிள்ளையிடம் போகும். நமக்கு அது எதனால் பிடித்ததோ அது போகாது.

உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் பேச்சு இல்லை இது. ஹார்வர்டில் சாமுவேல் மெரும் அவருடைய சகாக்களும் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து மாதக் குழந்தைகளைப் பற்றியது. ஒரு புதுப் பாட்டைச் சில குழந்தைகளுக்கு அவர்களுடைய பெற்றோரே வீட்டில் பாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே மெட்டு ஒரு பொம்மையிலிருந்து ஒலித்தது. பிறகு முன்பின் தெரியாத இருவர் வீடியோவில் அந்தக் குழந்தைகளுக்குப் பாடிக் காட்டினார்கள். ஒருவர் பழகிய பாட்டை, மற்றவர் பழகாத பாட்டை. பெற்றோர் பாடிக் கேட்ட குழந்தைகள், தன் வீட்டுப் பாட்டைப் பாடிய அந்நியரையே அதிக நேரம் பார்த்தன. பொம்மையிடம் கேட்ட குழந்தைகளிடம் அந்த ஈர்ப்பு இல்லை. மெட்டு ஒன்றுதான். ஆனால் பெற்றோர் வாயிலிருந்து வந்தபோது அது “இவர் நம்மவர்” என்று காட்டும் அடையாளமாயிற்று. பொம்மையிலிருந்து வந்தபோது வெறும் ஓசையாகவே நின்றுவிட்டது.

மொழி விஷயத்திலும் இதையே பார்க்கிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா கூல் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுபவர்கள் பன்னிரண்டு முறை வந்து உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களின் அதே பேச்சை வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. நேரமும் சொற்களும் சமம். ஆள் எதிரில் இல்லாதது ஒன்றுதான் வேறுபாடு.

பதிவு செய்த பாட்டுக்கு ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. மான்ட்ரியாலில் நடந்த ஓர் ஆய்வில், தெரியாத மொழிப் பாட்டை ஒலிப்பதிவில் கேட்ட குழந்தைகள் சராசரியாக ஒன்பது நிமிடம் வரை அழாமல் இருந்தன. அதே மொழிப் பேச்சைக் கேட்டபோது நான்கு நிமிடத்திலேயே சிணுங்கத் தொடங்கின. ஆகவே ஸ்பீக்கர் குழந்தையைச் சற்று நேரம் சமாதானப்படுத்தும். அடுப்பில் பால் பொங்கும் நேரத்துக்கு அது போதும். சமாதானப்படுத்துவதையே பாட்டு கொடுத்துவிட்டதாகக் கணக்கெழுதிக்கொள்வதைத்தான் கண்டிக்கிறேன்.

நாம் கொண்டாடும் பழைய ஆல்பங்களை உருவாக்கியவர்களே இந்தக் கணக்கை ஏற்றிருக்க மாட்டார்கள். அமெரிக்கக் குழந்தைப் பாடல் உலகில் பாடகி எலா ஜென்கின்ஸைப் போல மதிக்கப்பட்டவர்கள் குறைவு. 2024-ல் நூறு வயதில் மறைந்தார். ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காக 1950-களிலிருந்து அவர் பதிவுசெய்த ஆல்பங்களின் அடிப்படை முறை, அவர் ஓர் அடி பாட, பிள்ளைகள் பதில் அடி பாடுவது. கேட்பவர் வாய் திறக்காவிட்டால் அந்தப் பாட்டு பாதியிலேயே நிற்கும். சும்மா ஓடவிட்டுக் கேட்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை.

ரூத் கிராஃபோர்டு சீகரின் உழைப்பு இன்னும் தெளிவான சான்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக லோமாக்ஸ் குடும்பத்தார் ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்த நாட்டுப்பாடல் தட்டுகளை அவர் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு சுரமாக எழுதி எடுத்தார். தன் மகள் படித்த மழலையர் பள்ளியில் அந்தப் பாட்டுகளைப் பிள்ளைகளோடு பாடிப் பார்த்தார். பிறகு 1948-ல் ‘குழந்தைகளுக்கான அமெரிக்க நாட்டுப்பாடல்கள்’ என்ற நூலாக அவற்றைத் தந்தார். தட்டில் இருந்த பாட்டைத் தாள் வழியாக மீண்டும் வீட்டாரின் வாய்க்குக் கொண்டு சேர்ப்பதுதான் அவர் நோக்கம். அவர் பிள்ளைகள் பெக்கியும் மைக்கும் வளர்ந்து பெரிய பாடகர்கள் ஆனார்கள். பாடுகிற வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஒலிப்பதிவின் மதிப்பை ரூத் அளவுக்கு அறிந்தவர்கள் சிலரே. அவரே அதை மனிதக் குரலுக்குப் போகும் வழியாகத்தான் வைத்தார்.

நம்மிடம் வருவோம். தமிழில் தாலாட்டு நீண்ட மரபு. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடினார். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் தாலாட்டுக்கென்றே ஒரு பருவம் உண்டு. ஆனால் நா. வானமாமலை போன்றோர் தொகுத்துத் தந்த நாட்டுப்புறத் தாலாட்டுகளைப் புரட்டுங்கள். மாமன் என்ன சீர் கொண்டுவந்தான், அத்தை என்ன செய்தாள், எந்த ஊர்க் கோயிலில் வேண்டிப் பெற்ற பிள்ளை, யார் அடித்து அழுதது என்று பாட்டு முழுக்க உறவும் ஊருமாக இருக்கும். அந்தந்த வீட்டுக்கு அந்தந்த நேரத்தில் கட்டிய பாட்டு அது. அதைப் பாடிய பெண் தன் மனக்குறையையும் அதிலேயே சொல்லி ஆற்றிக்கொண்டாள். என் பேத்தியின் பெயரும் அவள் தாய்மாமன் வேலைபார்க்கும் ஊரும் வருகிற பாட்டை எந்தக் கம்பெனியும் பதிவுசெய்து விற்க முடியாது. அதைப் பாட என் வீட்டில்தான் ஒருவர் வேண்டும்.

அப்படியானால் ஏன் பாடுவதில்லை? கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “என் குரல் நல்லா இருக்காது.” இந்த வெட்கம் நம் பாட்டிகளிடம் இருக்கவில்லை. ஜானகியம்மாவும் ஜேசுதாஸும் பாடக் கேட்டுப் பழகிய காதும், சிறுபிள்ளைகளை மேடையேற்றிப் பிசிறுக்குப் பிசிறு மதிப்பெண் குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டிகளும் சேர்ந்து, பாட்டு என்றால் பிறவிப் பாடகர் மட்டுமே தொடலாம் என்று நம்மை நம்பவைத்துவிட்டன. குழந்தைக்கு இந்த மதிப்பெண் பட்டியல் தெரியாது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், ஒரு செயற்கைக் காம்பை உறிஞ்சும் வேகத்தை மாற்றிக்கொண்டு, மற்றொரு பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலையே அதிகம் கேட்கப் பார்த்தன என்று டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980-லேயே காட்டினார்கள். அந்தத் தாய்மாருக்குச் சங்கீதம் தெரியுமா என்று யாரும் தேர்வு வைக்கவில்லை. உங்கள் பிள்ளை உலகின் எல்லாக் குரல்களையும் தள்ளிவிட்டு உங்கள் குரலைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது, வேறொருவர் குரலை விலைகொடுத்து வாங்கி அதன் காதருகே வைப்பது என்ன நியாயம்?

ஒரு மறுப்பு நியாயமானது. பிரசவித்து ஆறு வாரம் ஆன பெண், தூக்கமில்லாதவள், மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டியவள், அவள் தலையில் பாட்டையும் ஏற்றுவதா? கூடாது. தாலாட்டைப் பெண்களின் கடமையாக்கி ஆண்கள் ஒதுங்கிக்கொண்டது பழைய அநியாயம். அப்பா பாடட்டும். தாத்தா பாடட்டும். பெரியப்பா, சித்தப்பா, எதிர்வீட்டு அக்கா, யாருக்கு மடியில் பிள்ளையைத் தாங்க நேரம் இருக்கிறதோ அவர்கள் பாடட்டும். களைத்துப் படுத்திருக்கும் தாய்க்கு ஸ்பீக்கர் கொடுப்பது அரை உதவி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் உலாத்திப் பாடுகிறவர்தான் முழு உதவி.

பழைய ஆல்பத்தைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. அது பெற்றோருக்கான பாடப்புத்தகம், அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் போகும் பேருந்தில் கேளுங்கள். மறந்த வரிகளை மீட்டெடுங்கள். அழ. வள்ளியப்பா பாடல்களின் புத்தகம் ஒன்று வாங்கி வையுங்கள். நான்கு பாட்டு மனப்பாடமானதும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் குளிப்பாட்டும்போது ஒன்று, எண்ணெய் தேய்க்கும்போது ஒன்று, உறங்கவைக்க ஒன்று என்று பாடுங்கள். வரி மறந்தால் பிள்ளையின் பெயரைப் போட்டு நிரப்புங்கள். பாட்டைக் கேட்டு அது கால் உதைத்தால் நிறுத்திப் பாருங்கள், பதிலுக்கு அது ஒரு சத்தம் போடும், மறுபடி தொடருங்கள். குழந்தையின் முகம் பார்த்துத் தாளத்தை மாற்ற எந்த ஒலிப்பதிவாலும் முடியாது. பிள்ளைக்கு மூன்று, நான்கு வயதானபின் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஆல்பத்தைப் போட்டுக்காட்டுங்கள். அப்போது அதற்கு அது அம்மா பாடிய பாட்டாக, தாத்தா பாடிய பாட்டாகக் கேட்கும். உங்களுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படி.

காப்பகங்களிடமும் இதைக் கேட்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சுவரில் தொலைக்காட்சியை மாட்டிவைத்து, “எங்களிடம் ரைம்ஸ் எல்லாம் உண்டு” என்று பெருமையாகச் சொல்லும் காப்பகங்கள் பெருகுகின்றன. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் என்ன பாட்டு போடுகிறீர்கள் என்று விசாரிப்பதை நிறுத்த வேண்டும். இங்கே பிள்ளைகளுக்குப் பாடுவது யார் என்று கேட்க வேண்டும். கைதட்டி, அபிநயம் பிடித்துத் தன் தொண்டையால் பாடும் அங்கன்வாடிப் பணியாளர் குறைந்த மதிப்பூதியத்தில் செய்யும் அந்த வேலை எந்த இசை நிறுவனத்தின் தயாரிப்பையும்விட உயர்ந்தது. அவருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுப்பதைவிட, பாடத் தெம்பும் நேரமும் கிடைக்கும்படி வேலைச்சுமையைக் குறைத்துக் கூலியை உயர்த்துவதுதான் குழந்தைகளுக்குச் செய்யும் இசைச் சேவை.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. நல்ல பாடல்களை அழியாமல் காத்துத் தந்த ஒலிப்பதிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் காத்துத் தந்ததை எடுத்துப் பாடாவிட்டால் இன்னும் ஒரு தலைமுறையில் நம் வீடுகளில் பாட்டு கேட்கத் தெரிந்தவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். நம் பிள்ளை நாளை தன் பிள்ளைக்குப் பாட வேண்டுமானால், பாட்டு என்பது ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் செய்வது என்று அது இன்று கண்டாக வேண்டும். அதைக் காட்டும் பொறுப்பு வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு, சுருதி சேர்ந்தாலும் சேராவிட்டாலும்.