கூட்டுச் சவாரி யாருக்கு உரியது?

பொழுதுபோக்கு என்பது சமுதாயத்துக்குப் புறத்தே நிகழ்வதொன்றன்று. ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கின்றது என்பதை அதன் வயல்களும் தொழிற்சாலைகளும் காட்டுமாயின், அது யாரைத் தனக்குச் சமமானவராக ஏற்றுக்கொள்கின்றது என்பதை அதன் ஓய்வுநாட்கள் காட்டிவிடுகின்றன. யாருடன் சேர்ந்து உழைப்பது என்பது பெரும்பாலும் எமது கையில் இல்லை. யாருடன் சேர்ந்து ஓய்ந்திருப்பது என்பதையோ நாமே தெரிந்துகொள்கின்றோம். அண்மைக் காலத்தில் எமது நாட்டிற் பரவிவரும் கூட்டுச் சைக்கிள் சவாரியை இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளம் மாவட்டத்திலே, மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலை எமது ஊர். கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலை எமது பிரதேசத்தினூடாகவே செல்கின்றது. வடக்கே பாலாவிச் சந்தியிற் கற்பிட்டி வீதி அதிலிருந்து பிரிகின்றது. மேற்கே களப்பும் கடலும், கிழக்கே தென்னந்தோட்டங்கள், ஏற்றமென்று சொல்லத்தக்க எதுவுமற்ற சமதரை. சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம் எனலாம். இந்நிலத்திற் சைக்கிள் புதியதன்று. உப்பளத் தொழிலாளி, இறால் பண்ணைக் காவலாளி, பின்னாற் பெட்டி கட்டிய மீன் வியாபாரி, தேங்காய் பறிப்பவர், பாடசாலை மாணவர் ஆகிய யாவரும் நெடுங்காலமாக மிதித்துவரும் வாகனம் அது. புதியது யாதெனில், விடுமுறை நாட்களில் அதே வீதியில் ஒரே நிறச் சட்டையும் தலைக்கவசமும் அணிந்து, பாரங்குறைந்த, விலையுயர்ந்த சைக்கிள்களில் அணியாகச் செல்லும் கழகத்தினரின் வருகையே. அவர்களும் மிதிக்கின்றனர், மீன் வியாபாரியும் மிதிக்கின்றார். ஆயினும் ஒரே வீதியில், ஒரே வெயிலில், ஒரே காற்றை எதிர்த்துச் செல்லும் இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் தம்மினத்தவராகக் கருதுவதில்லை. எமது விவாதம் இங்கிருந்தே தொடங்குகின்றது. இது தொடர்பில் மூன்று சாராருடன் நாம் வாதிட வேண்டியுள்ளது.

முதலாவது சாரார் பல்கலைக்கழகத்து முற்போக்கு நண்பர்கள். கூட்டுச் சவாரி என்றதும் அவர்கள் உதட்டைப் பிதுக்குவர். உழைப்பாளிக்குச் சைக்கிள் ஒரு தொழிற்கருவி. அதனை விளையாட்டுப் பொருளாக்குவது மேட்டுக்குடியினரின் வேடிக்கை என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இது புரட்சிகரமாக ஒலிக்கின்றது. உண்மையில் இது உழைப்பாளியை இழிவு செய்வதாகும். உழைப்பாளிக்கு உழைப்பைத் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை என்று முதலில் தீர்மானித்தவர்கள் முதலாளிகளே. எட்டு மணிநேர வேலைக்காக 1886 மே மாதத்திற் சிக்காகோவிலே தொழிலாளர் போராடியது எஞ்சிய நேரத்தை மனிதராக வாழ்வதற்காகவே. கார்ல் மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க், 1880 இல் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1948 இன் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம், ஓய்வையும் பொழுதுபோக்கையும் 24 ஆவது உறுப்புரையில் உரிமையாகவே வகுத்துள்ளது.

சைக்கிள் வரலாறும் இந்நண்பர்களின் கூற்றை மறுக்கின்றது. 1894 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே, ‘கிளாரியன்’ என்னும் சோசலிச வார இதழின் வாசகர் சிலர் கூடிச் சைக்கிள் கழகமொன்றை அமைத்தனர். விடுமுறை நாட்களிற் கூட்டாகக் கிராமப்புறம் செல்வதும், செல்லுமிடங்களிற் பிரசுரங்களைப் பரப்புவதும் அவர்களது வழக்கம். அவர்கள் மகிழ்ச்சியையும் கொள்கையையும் இருவேறு பைகளில் இட்டுச் செல்லவில்லை. 1896 இல் ஜேர்மனியின் ஒஃபன்பாக் நகரில் ‘சொலிடாரித்தேத்’ என்னும் தொழிலாளர் சைக்கிளோட்டிகள் சங்கம் தோன்றியது. பல இலட்சம் உறுப்பினரைக் கொண்டதாக வளர்ந்த அச்சங்கத்தை 1933 இல் நாற்சிகள் தடைசெய்தனர். வெறும் வேடிக்கையாயின் அதனைத் தடைசெய்யும் தேவை அவர்களுக்கு ஏன் எழுந்தது? தொழிலாளர் கூடி மகிழ்வதே சர்வாதிகாரிக்கு அச்சந்தரும் செயல் என்பதை நாற்சிகள் அறிந்திருந்தனர். எமது நண்பர்கள் அறியவில்லை.

இரண்டாவது சாரார் கழகத்தினர். கூட்டுச் சவாரியைப் பழிப்போருக்கு எதிராக நாம் வாதிட்டதைக் கொண்டு, இன்றுள்ள கழகங்கள் யாவற்றுக்கும் நாம் நற்சான்று வழங்குவதாக எவரும் எண்ணவேண்டியதில்லை. எவரும் சேரலாம் என்று அவர்கள் அறிவிப்பர். ஆனால் இத்தகைய சைக்கிள் வேண்டும், இன்ன சட்டை வேண்டும், இன்ன சராசரி வேகத்திற் செல்லவேண்டும், பின்தங்குபவர் தம் வழியே திரும்பலாம் என்று நிபந்தனைகள் தொடரும். வாயிற் கதவு திறந்தே இருக்கின்றது. படிதான் ஏறமுடியாத உயரத்தில் இருக்கின்றது. 1894 இல் அமெரிக்கச் சைக்கிளோட்டிகளின் பேரமைப்பு வெள்ளையர் மட்டுமே அங்கத்தவராகலாம் என வெளிப்படையாக விதி வகுத்தது. ஐந்தாண்டுகளின் பின், 1899 இல், மொன்றியலில் உலகச் சம்பியனானவர் மேஜர் ரெய்லர் என்னும் கறுப்பின வீரர்! எமது நாட்டில் இத்தகைய விதியை எவரும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. விலைச்சீட்டே அந்த வேலையைச் செய்துவிடுகின்றது.

பாதுகாப்புக்காகவே நிபந்தனைகள் என்று கழகத்தினர் கூறுவர். பாதுகாப்பை நாம் மறுக்கவில்லை. பிடிக்கும் பிறேக், ஒலிக்கும் மணி, தேயாத ரயர், தலைக்கவசம் ஆகியவற்றைக் கோருவது நியாயமே. சிமெந்து லொறிகளும் கொள்கலன் வாகனங்களும் ஓடும் வீதியில் இவற்றை வற்புறுத்தாத கழகம் பொறுப்பற்ற கழகமாகும். ஆனால் பழைய லுமாலா சைக்கிளிலும் நல்ல பிறேக் பூட்டலாம். சட்டையின் நிறத்துக்கும் விபத்துக்கும் யாது தொடர்பு? கூட்டத்தின் வேகத்தை மிக வல்லவர் தீர்மானிப்பதாற் பாதுகாப்புக் கூடுமா, குறையுமா?

இவ்விடத்திற் கூட்டுச் சவாரியின் இயல்பையே சற்று நோக்கவேண்டும். சமதரையில் மிதிப்பவருக்குப் பெரும் எதிரி காற்று. எமது கரையில் மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றின் வலிமைக்கு, கற்பிட்டிப் பக்கம் சுழலும் காற்றாலைகளே சான்று. ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்லுமிடத்து, முன்னே செல்பவர் காற்றைக் கிழித்து வழி செய்கின்றார். வேகமாகச் செல்லும் அணியிற் பின்னே வருபவருக்கு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு சக்தி மிச்சமாகின்றது. முன்னே செல்பவர் களைத்ததும் விலகிப் பின்னே வர, அடுத்தவர் அவ்விடத்தை ஏற்கின்றார். வலியவர் மெலியவருக்காகக் காற்றைத் தாங்குவதும், அத்தாங்குதலை முறைவைத்துப் பகிர்வதும் இதன் இயல்பு. கூட்டுறவின் இலக்கணத்தை இதனிலும் தெளிவாக உணர்த்தும் விளையாட்டு வேறு உண்டோ என்பது ஐயமே. அங்ஙனமாயின், மெலியவரை வழியில் விட்டுவிட்டு வலியவர் மட்டும் ஒருவர் நிழலில் ஒருவர் விரைவது கூட்டுச் சவாரியன்று. பலர் ஒரே நேரத்திற் செய்யும் தனிச் சவாரியே அது. போட்டி வேண்டுவோர் போட்டி நடத்தட்டும். அதற்குரிய மதிப்பு அதற்குண்டு. போட்டியைக் கூட்டுறவு என்று பெயரிட்டழைப்பதையே நாம் கண்டிக்கின்றோம்.

மூன்றாவது சாரார் எமது ஊர்ப் பெரியோர். அவர்களுடன் மரியாதையுடனேயே வாதிட விரும்புகின்றோம். சிறுவயதில் ஒழுங்கையிற் சைக்கிள் ஓட்டிய எமது சகோதரிகள் பலர், பருவமடைந்ததும் அதனைத் தம்பியிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். வீதி ஆபத்தானது, ஊர் பேசும், ஆடை ஒழுக்கம் கெடும் என்பன பெரியோர் கூறும் காரணங்கள். ஆடையைப் பொறுத்தவரை, நீண்ட உடைக்கென்றே பெண்கள் சைக்கிளின் குறுக்குத் தண்டு தாழ்த்தப்பட்டது. சங்கிலிக்கு மூடியும் பின்சில்லுக்கு வலையும் இடப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீர்ந்த சிக்கல் இது. வீதியின் ஆபத்துக்கோ கூட்டாகச் செல்வதே தக்க பரிகாரம். தனியே செல்லும் பெண்ணைச் சீண்டத் துணிபவன், இருபது பெண்கள் சேர்ந்து செல்கையில் வாய்திறக்க அஞ்சுவான்.

இது வெறும் ஊகமன்று. தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991 ஆம் ஆண்டளவில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவுடன் சைக்கிளோட்டத்தையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல்லுடைப்போர், வயற்கூலிகள், தாதியர், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாக வீதிக்கு வந்தனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் அடங்குவர். தொடக்கத்தில் எழுந்த ஏச்சும் எள்ளலும் எண்ணிக்கை பெருகப் பெருக அடங்கின. இந்தியாவின் பீகார் மாநிலம் 2006 இல் மாணவியருக்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. அத்திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர், பெண்பிள்ளைகளின் இடைநிலைப் பாடசாலைச் சேர்க்கை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடியதைக் கண்டனர். பாடசாலையைப் பெண்ணிடமிருந்து பிரிப்பது பல வேளைகளில் அறிவின்மையோ ஆர்வமின்மையோ அன்று. சில கிலோமீற்றர் தூரமே. அத்தூரத்தை மிதித்துக் கடக்கும் உரிமையை மறுப்போர், தம்மையறியாமலே கல்வியையும் மறுக்கின்றனர்.

எமது நாட்டு அனுபவத்திலும் ஒரு படிப்பினை உண்டு. 1990 இன் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் அருகியபோது, மருத்துவரும் விரிவுரையாளரும் விவசாயியும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்திற் சைக்கிளிற் சென்றனர். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு நான்கு லீற்றர் என்று பங்கீடு வந்தது. அப்போதும் காரில் மட்டுமே சென்றோர் பலர் சைக்கிளின் அருமையை உணர்ந்தனர். விலையோ சாதாரண மக்களுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. இரு வேளைகளிலும் எரிபொருள் வந்தது, சமத்துவம் சென்றது. பஞ்சம் வலிந்து தந்த சமத்துவம் பஞ்சத்துடனேயே முடிந்துவிடும். பஞ்சமில்லாத காலத்தில், எவரும் வற்புறுத்தாமல், விருப்புடன் அதே சமத்துவத்தைப் பேணத்தக்க இடமாகக் கூட்டுச் சவாரி அமையலாம். அதனைக் கைக்கொள்ளும் அருமையான வாய்ப்பையே எமது கழகங்கள் வீணாக்குகின்றன.

இன்னுமொன்று கூறவேண்டும். எமது கரையோரம் பல சமூகத்தாரின் வாழிடம். உடப்பின் தமிழ்க் கிராமம், தலவிலவின் சாந்த அன்னம்மாள் ஆலயம், முஸ்லிம் ஊர்கள், சிங்கள ஊர்கள், 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் குடியிருப்புகள் யாவும் சைக்கிள் தூரத்திலேயே உள்ளன. எனினும் 2019 மே மாதத்தில் இம்மாவட்டத்தின் தென்பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, அயலவர் எத்துணை அந்நியராய் வாழ்ந்துவந்துள்ளனர் என்பது வெளிப்பட்டது. சைக்கிள் கழகம் இனப்பகையைத் தீர்த்துவிடும் என்று கூறும் பேதைமை எமக்கில்லை. ஆயினும் மோட்டார் வாகனத்தில் விரைபவர் ஊரைக் கடந்து செல்கின்றார்; சைக்கிளிற் செல்பவர் ஊருக்குள்ளால் செல்கின்றார். தண்ணீர் கேட்க நிற்கின்றார். காற்றுப்போன ரியூப்பை ஒட்டத் தெரிந்தவரைத் தேடுகின்றார். பல ஊராரும் கலந்த அணியொன்று மாதந்தோறும் இவ்வழியே செல்லுமாயின், சந்தியில் நிற்பவருக்கு அவர்கள் பெயர் தெரிந்த முகங்களாவர். கலவர காலத்தில் ஒரு முகத்தையேனும் அறிந்திருப்பது சிறு காரியமன்று.

ஆகவே எமது கோரிக்கைகள் எளியன. பிறேக்கும் மணியும் உள்ள எந்தச் சைக்கிளையும் கழகங்கள் ஏற்கவேண்டும். மாதத்தில் ஒரு சவாரியேனும் கடைசியில் வருபவரின் வேகத்திற் செல்லவேண்டும். அனுபவம் மிக்க ஒருவர் எப்போதும் இறுதியில் வரவேண்டும். பெண்கள் தம்முள் தலைமை தாங்கும் அணிகள் அமையவேண்டும். ஊர்ச் சைக்கிள் திருத்துநரை அழைத்து, அங்கத்தவர் அவரிடம் தொழில் பழகவேண்டும்; அவருக்குரிய ஊதியத்தையும் கொடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழகத்தினருக்கு அதிகாரிகளிடம் செல்லும் குரல் உண்டு. மீன் வியாபாரிக்கு அது இல்லை. லொறிகளின் உரசலில் உயிரைப் பணயம் வைத்து அன்றாடம் செல்பவர் அவரே. வீதியோரம் சைக்கிளுக்கென ஒரு தடத்தை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கழகத்தினர் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்காக மட்டுமன்றி, திங்கட்கிழமை வேலைக்குச் செல்பவருக்காகவும் கேட்கட்டும்.

மாணவ நண்பர்களே, சமத்துவத்தைப் பற்றி நாம் எழுதிய கட்டுரைகள் ஏராளம். கருத்தரங்குகளில் அதனை வாதிட்டு வென்றவர்களும் நம்மிடையே பலர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அங்குள்ள பழைய சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, அயலில் உள்ளோரையும் சகோதரிகளையும் அழைத்துக்கொண்டு ஐந்து கிலோமீற்றர் சென்று பாருங்கள். எத்தனை பேர் புறப்பட்டனர் என்பதன்று கேள்வி. புறப்பட்டவர் அனைவரும் சேர்ந்து போய்ச் சேர்ந்தனரா என்பதே கேள்வி. கழகத்துக்கும் அதுவே அளவுகோல். சமுதாயத்துக்கும் அதுவே அளவுகோல்.