வீட்டுக் கணிப்பொறியைத் தேர்பவர் யார்?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, மைக்ரோசாப்ட்டு நிறுவனம் தன் 'விண்டோசு 10' இயங்குதளத்திற்கு வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. அன்று தொட்டு, நேற்றுவரை நன்றாக ஓடிய பொறிகளும் 'பழையன' என்னும் பெயர் பெற்றுவிட்டன. குடும்பத் தலைவர்கள் புதுக் கணிப்பொறி வாங்கக் கடை ஏறி இறங்குகின்றனர். கடைக்காரர் அவர்களிடம் கேட்கும் வினாக்கள் இரண்டே: "எவ்வளவு உருபாவிற்குள் வேண்டும்? பிள்ளைகள் விளையாட்டு ஆடுவார்களா?" 'உங்கள் வீட்டார் எம்மொழியில் எழுதுவர்?' என்று மூன்றாவது வினா ஒன்றைக் கேட்கும் கடைக்காரர் எத்துணைப் பேர்? கேட்கவில்லையே என்று வருந்திய தமிழர்தாம் எத்துணைப் பேர்?

மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். கணிப்பொறி வாங்கப் போகிறவனோ பெட்டிக்குள் எரியும் வண்ண விளக்கைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறான். ஐந்தாண்டு, பத்தாண்டு வீட்டின் நடுவிடத்தில் வீற்றிருந்து, பிள்ளைகளின் எழுத்தையும் பெற்றோரின் கணக்கையும் தன்வழிப்படுத்தப் போகும் ஒரு கருவியை இவ்வாறா தேர்வது?

வாங்கத்தான் வேண்டுமா என்பதே முதலில் ஆராயத் தக்கது. 'விண்டோசு 11' இயங்குதளம், பாதுகாப்புச் சில்லு ஒன்றையும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் அல்லது அதற்குப் பிற்பட்ட தலைமுறையையும் கட்டாயமாக்குகின்றது. ஆகவே ஏறத்தாழ 2018க்கு முற்பட்ட பொறிகள் அந்நிறுவனத்தின் கணக்கில் தகுதியிழந்தன. ஆனால், அவை செத்துவிட்டனவா? இல்லை. சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டுத் திண்மநிலை வட்டு ஒன்றைப் பொருத்தி, விலையின்றிக் கிடைக்கும் இலினக்சு இயங்குதளம் ஒன்றை நிறுவினால், மடல் எழுதவும் கணக்கு வைக்கவும் காணொளி பார்க்கவும் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். புதுப் பொறியின் விலையில் ஒரு சிறு பங்கே இதற்குச் செலவாகும். ஒரு நிறுவனம் நாள் குறித்தது என்பதற்காகத் தமிழ்க் குடும்பம் தன் உழைப்பின் பயனைக் குப்பையில் கொட்டவேண்டும் என்பது எங்குள்ள முறை?

இனி, வாங்கியே தீரவேண்டியவர்க்கு. பெயரைக் கண்டு மயங்குதல் முதற்பெரும் குழி. 'ஐ7' உயர்ந்தது, 'ஐ5' நடுவானது, 'ஐ3' தாழ்ந்தது என்று மக்கள் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிக் கிடக்கின்றது. இதனைப் பயன்படுத்திப் பழஞ்செயலிகளைப் புதுப்பெட்டியில் இட்டு விற்போர் உளர். 'ஐ5 2400' என்பது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறைச் செயலி. 'ஐ3 12100' என்பது 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறையினது. தாழ்ந்ததாகக் கருதப்படும் இப் பிந்தியது, உயர்ந்ததாகக் கருதப்படும் அம் முந்தியதை எளிதில் விஞ்சிவிடும். ஆகலின் 'ஐ' என்பதற்குப் பின்வரும் ஒற்றை எண்ணைப் பாராது, அதனையடுத்த நீண்ட எண்ணின் முதல் ஓரிரு இலக்கங்களைப் பார்த்தல் வேண்டும். தலைமுறையைச் சொல்வது அதுவே. அண்மையில் இன்டெல் தன் பெயரிடும் முறையையும் மாற்றிக்கொண்டதால் குழப்பம் மிகுந்துள்ளது. 'இச் செயலி எந்த ஆண்டு வெளிவந்தது?' என்ற ஒரு வினாவைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டாற் போதும். விடை தயங்கி வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்னும் எழுத்து இருப்பின், திரையில் படம் காட்டும் ஆற்றல் அச் செயலியிலேயே இல்லை என்பது பொருள். வரைகலை அட்டை ஒன்றைத் தனியே வாங்க நேரும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'இரைசன் 5 5600' என்பதும் அத்தகையதே. விலை குறைவென்று எடுத்துவிட்டுப் பின்னர் அட்டைக்கு அழுவது வீண். கடும் விளையாட்டுகளும் திரைப்பட வெட்டொட்டும் இல்லாத வீட்டிற்கு, வரைகலை ஆற்றல் உள்ளமைந்த செயலியே போதும்.

அவ்வாறு மிஞ்சும் பணத்தை எதில் இடுவது? நினைவகத்திலும் வட்டிலும் திரையிலும் இடுக. எட்டு கிகாபைட்டு நினைவகம் இற்றைக்கு அடிநிலை. பதினாறு இருப்பின் நெடுநாள் கவலையில்லை. செயற்கை அறிவுக்கூடங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால் 2025இன் பிற்பகுதியில் அவற்றின் விலை கிடுகிடுவென ஏறிற்று. ஆதலின், பதினாறுக்குக் கை எட்டாதவர், எட்டினை ஒரே சில்லுத் தகடாக வாங்கி, பின்னர்ச் சேர்ப்பதற்கு ஒரு பொருத்திடத்தை ஒழிவாக விட்டு வைத்தல் அறிவுடைமை. இயங்குதளம் அமரும் வட்டு திண்மநிலை வட்டாகவே இருத்தல் வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தலே கூடாது.

திரையைப் பற்றி ஆங்கிலக் குறிப்பேடுகள் சொல்லாத ஒன்று உண்டு. தமிழெழுத்து சுழியும் வளைவும் புள்ளியும் உடையது. மங்கிய திரையில், சிற்றெழுத்தில், 'க' எது, 'க்' எது எனத் தெரியாது. 'ண'வும் 'ன'வும் ஒன்றாய் மயங்கும். எனவே ஏறத்தாழ 24 விரற்கிடை அளவில், குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட தெளிந்த திரையைத் தேர்ந்து, கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும். வண்ண மீன்கள் நீந்தும் காட்சிப் படத்தில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும்!

மேசைக் கணிப்பொறிக்கு மடிக்கணினிபோல் உள்மின்கலம் இல்லை. மின்சாரம் போன நொடியே எழுதிக்கொண்டிருந்ததும் போகும். அதனால் தடையிலா மின்வழங்கி ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். மாறாக, உறுப்பொன்று கெட்டால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஏந்து மேசைப்பொறிக்கே மிகுதி என்பதை மறத்தலாகாது.

இத்துணையும் பொறியின் உடலைப் பற்றியது. அதன் நாவைப் பற்றித்தான் பேச எவரும் இலர்.

பெயர்பெற்ற நிறுவனங்கள் இந்தியாவில் விற்கும் வீட்டுக் கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோசின் 'ஒற்றை மொழிப் பதிப்பு' ஏற்றி வருகின்றது. அதில் தமிழை எழுதலாம், படிக்கலாம். ஆனால், திரையின் கட்டளை மொழியை விரும்பியவாறு மாற்றிக்கொள்ள அதன் உரிமம் இடந்தராது. ஆங்கிலத்தில் வந்தது ஆங்கிலத்திலேயே கிடக்கும். பணம் கொடுத்தவன் தமிழன். பொறி இருப்பது தமிழன் வீட்டில். அது பேசும் மொழியை முடிவு செய்பவனோ வேறொருவன்! அட்டைப் பெட்டியின் மேல் சிற்றெழுத்தில் அச்சிட்டிருக்கும் இவ்வொரு சொல்லைப் படித்துப் பார்க்காமல் பணம் கொடுப்போர் எண்ணற்றோர். பன்மொழிக்கு இடந்தரும் பதிப்பைக் கேட்டு வாங்குதல் வேண்டும். கிடையாதெனின் இயங்குதளம் ஏற்றாத பொறியை வாங்கி, மொழிக்குத் தடைபோடாத இலினக்சை நிறுவிக்கொள்ளலாம். கேரளத்தார் தங்கள் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை ஊன்றச் செய்து, பிள்ளைகள் மலையாளத்திலேயே கணிப்பொறியைக் கையாள வழி கண்டனர். அவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

அடுத்தது விசைப்பலகை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பின், தமிழக அரசு 'தமிழ்99' என்னும் விசைப்பலகை அமைப்பைப் பொது அமைப்பாக ஏற்பளித்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் தமிழிலக்கண நெறியே அதன் அடிப்படை. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'ங'வை அடுத்துக் 'க'வை அழுத்தினாலும் அவ்வாறே. 'அம்மா' என்று எழுத நான்கு தட்டல்கள் போதும்: அ, ம, ம, ஆ. அதையே ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்து எழுதினால் பெரும்பாலும் ஐந்து ஆகும்.

தட்டல் எண்ணிக்கை சிறிது. அதன் உள்ளே உறையும் கேடு பெரிது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுதும் பிள்ளை, தன் தாய்ப்பெயரையே ஆங்கில நெடுங்கணக்கின் வழியாக எண்ணிப் பழகுகின்றது. 'ல, ள, ழ' என்னும் மூன்றனுக்கும் உரிய எழுத்து ஆங்கிலத்தில் ஏது? பெரிய எழுத்தென்றும் சிறிய எழுத்தென்றும் ஏதேதோ உருட்டிப் புரட்டி அவற்றை வரவழைக்க வேண்டியிருக்கின்றது. நாளடைவில் பிள்ளையின் காதும் அவ்வேறுபாட்டை மறந்துபோகும். தமிழ்99 விரலுக்குப் பழகச் சில கிழமைகள் ஆகலாம். மிதிவண்டி பழகவும் அவ்வளவு நாள் ஆகத்தான் செய்கின்றது.

இதற்கெனத் தனிச்செலவும் இல்லை. ஆப்பிள் நிறுவனத்தின் பொறிகளில் 2005ஆம் ஆண்டு முதற்கொண்டே தமிழ்99 உள்ளது. விண்டோசு 11இலும் உள்ளது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்துத் தெரிந்துகொண்டாற் போதும். இலினக்சிலும் நிறுவிக்கொள்ளலாம். தமிழெழுத்து பொறித்த விசைப்பலகை கடையில் எளிதிற் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். கேட்பார் இன்மையாற் கிடைப்பதில்லை. கிடையாமையாற் கேட்பாரும் இல்லை. அதுவரை விசைகளின்மேல் ஒட்டிக்கொள்ளும் தமிழெழுத்து வில்லைகளேனும் துணை செய்யும்.

பலநாள் சேர்த்த தமிழ்க் கோப்புகள் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். ஒருங்குறிக்கு முற்பட்ட தனித்தனி எழுத்துருக்களில் தட்டிய கட்டுரைகளும் மடல்களும், அவ்வெழுத்துரு இல்லாத புதுப் பொறியில் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல்களாகத் தோன்றும். அழிந்தன என்று வீசிவிடாமல், பழம்பொறி இயங்கும்போதே எழுத்துருவையும் படியெடுத்து, எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றி வைத்துக்கொள்ளல் நன்று. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

உறுப்புகளைக் கோத்துத் தரும் கடைகளில், கேளாமலே களவுப்படி விண்டோசை ஏற்றித் தரும் வழக்கம் பரவலாக உள்ளது. திருட்டு மென்பொருள் வழியே நச்சுநிரலும் வீட்டிற்குள் வரும். உரிமம் வாங்கப் பணம் இல்லையெனின் கட்டற்ற மென்பொருள் இருக்கவே இருக்கின்றது, களவு எதற்கு? ஒவ்வோர் உறுப்பின் பெயரும் எண்ணும் பொறுப்புறுதிக் காலமும் எழுதிய, வரி கட்டிய விலைச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அச் சீட்டின் அடியிலேயே, 'தமிழ்99 விசைப்பலகை அமைத்துத் தருதல்', 'திரைமொழியைத் தமிழாக்கித் தருதல்' என்னும் இரண்டு வரிகளையும் எழுதச் சொல்லி, அவை முடிந்த பின்னரே எஞ்சிய தொகையைக் கொடுக்கலாம். தெரிந்தவர்க்கு இரண்டும் சேர்ந்து அரைமணி வேலைதான்.