புல்தரையில் பழுப்புத் திட்டு - மருந்துக்கு ஏன் ஓடணும்?

கொஞ்சம் இடம் இருக்கிற வீட்டு முன்னால் கொரியன் புல் விரிப்பது இப்போது சர்வசாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்ததும் அதில் வட்டம் வட்டமாகப் பழுப்புத் திட்டு விழுவதும் சர்வசாதாரணம்தான். உடனே உரக்கடைக்கு ஓடி, "புல் காயுதுங்க, ஏதாவது மருந்து குடுங்க" என்கிறோம். அவரும் ஒரு பாக்கெட் கார்பன்டசிம்மை எடுத்து நீட்டுவார். இது தேவையில்லாத வேலை என்பது என் கட்சி.

முதலில் அது பூஞ்சைதானா? திட்டின் ஓரத்தில் ஒரு பிடி புல்லை இழுத்துப் பாருங்கள். வேரே இல்லாமல் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தால், கீழே வேர்ப்புழு தின்றுகொண்டிருக்கிறது. நடுவில் காய்ந்து சுற்றிலும் கரும்பச்சையாகச் செழித்திருந்தால் அது உங்கள் வீட்டு நாயின் கைங்கரியம் :-) இரண்டுக்குமே பூஞ்சைக்கொல்லி தண்டம். வேர் உறுதியாக இருந்து, இலை மட்டும் சுலபமாக உருவிக்கொண்டு வந்து, அதன் அடி கருத்து அழுகியிருந்தால் ரைசோக்டோனியா சொலானி என்ற பூஞ்சையாக இருக்கலாம். நெல்லில் இலையுறைக் கருகல் நோயைக் கொண்டுவரும் அதே ஆசாமிதான்.

மண்ணிலும் புல்லடிச் சருகிலும் எப்போதும் கிடக்கிற பூஞ்சை இது. கிளம்புவதற்கு அதற்கு வேண்டியது, ராத்திரி முழுக்க ஈரமாக இருக்கும் இலை. நாம் என்ன செய்கிறோம்? ஆபீஸ் விட்டு வந்து சாயங்காலம் 7 மணிக்கு ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். விடியும்வரை இலை காயாது. போதாக்குறைக்கு, பச்சை பிடிக்கட்டும் என்று யூரியா வேறு. கொழுத்த இளந்தளிர் பூஞ்சைக்கு விருந்து.

மருந்தே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கார்பன்டசிம்முக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-க்குப் பிறகு பயிர்மருந்தாக அனுமதி இல்லை. கருவையும் இனப்பெருக்கத்தையும் பாதிக்கக்கூடியது என்று அங்கே வகைப்படுத்தியிருக்கிறார்கள். நெல்லுக்கு அடிப்பவருக்கு ஒரு போகமே பணயம். குழந்தை தவழும் புல்லில், வெறும் அழகுக்காக அதைத் தெளிக்கத்தான் வேண்டுமா?

தண்ணீரை விடிகாலைக்கு மாற்றுங்கள். தினமும் தெளிப்பதைவிட, வாரம் இரண்டு தடவை நன்றாக ஊறும்படி விட்டால் போதும். மழை மாதத்தில் அதுவும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். சருகை வாரி எடுத்தால் காற்று புகும். ஈரப் புல்லை வெட்டாதீர்கள், மிஷினோடு நோயும் பரவும். மாமரத்து நிழலில் வருஷாவருஷம் திட்டு விழுகிறதென்றால் அங்கே புல் வைக்கிற ஆசையையே விட்டுவிடலாம். கூழாங்கல் கொட்டினால் தீர்ந்தது. மற்ற இடங்களில் வெயில் திரும்பியதும் பக்கத்துப் புல் மெதுவாக ஓடி மூடிக்கொள்ளும். கொரியன் புல் சோம்பேறி, இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை திட்டு தெரியத்தான் செய்யும்.