ஆண்டுக்கு மூவர்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தை வைத்து இணையத்தில் ஆடும் 'ஹூப்ஸ் டைனஸ்ரி' என்றொரு விளையாட்டு உண்டு. இதில் பந்தை எறிய வேண்டியதில்லை. நீங்கள் ஒரு கல்லூரி அணியின் பயிற்றுநர். பாடசாலை முடிக்கும் இளைஞர்களில் யார் யாரைப் புலமைப்பரிசில் கொடுத்துச் சேர்ப்பது என்று தீர்மானிப்பதே உங்கள் முதன்மையான வேலை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளுக்கு அணி கட்டும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

கணக்கு எளிது. அணியில் 12 இடங்கள். ஒரு வீரர் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் இருப்பார். ஆண்டுக்கு மூவராகச் சேர்த்தால் எப்போதும் அனுபவசாலிகளும் புதியவர்களும் கலந்திருப்பார்கள். ஆனால் ஒரு சபலம் உண்டு. எத்தனை இடங்கள் வெற்றிடமாக உள்ளனவோ, அந்த அளவுக்கு ஆட்சேர்ப்புப் பணமும் கூடும். ஆறு இடங்கள் ஒன்றாகக் காலியானால் கை நிறையப் பணத்தோடு மிகச் சிறந்த வீரர்களை வளைத்துப் போடலாம். அந்த அறுவரும் இறுதியாண்டுக்கு வரும்போது கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அடுத்த ஆண்டோ, அணியில் பாதிப்பேர் கற்றுக்குட்டிகள்.

இது கணினிக்குள் மட்டும் நடப்பதன்று. மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் 1977இல் பிறந்தவர்கள், டில்ஷான் 1976. இம்மூவரின் தோளில் நின்று இலங்கை 2014இல் டாக்காவில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தை வென்றது. 2016க்குள் மூவரும் விடைபெற்றனர். அவர்களுக்குப் பின் சுமையை ஏற்ற அஞ்சலோ மத்தியூஸ் 1987இலும் தினேஷ் சந்திமால் 1989இலும் பிறந்தவர்கள். இடைப்பட்ட பத்தாண்டு வயதினரில் நிலைத்து நின்ற துடுப்பாட்ட வீரர்கள் மிகச் சிலரே. 2017இல் சிம்பாப்வே இங்கு வந்து ஒருநாள் தொடரை 3-2 என வென்று சென்றது.

வலைப்பந்தாட்டத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம் தந்த தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரம். 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்களைப் போட்டு, தொடரிலேயே அதிக கோல்களைப் பெற்றவர் அவர். இலங்கையோ 16 அணிகளில் 15ஆவது இடம். ஒருவர் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் அவருக்குப் பந்தைக் கொண்டு சேர்க்க ஆறு பேர் வேண்டும்.

நம் கொழும்புப் பாடசாலைகள் சிலவற்றின் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் வெளியூர்களிலிருந்து தேர்ந்த வீரர்களை உயர்தர வகுப்புக்கு அழைத்து வந்து 19 வயதுக்குட்பட்ட அணியை நிரப்புகிறார்கள். வெளியூர்ப் பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கிறது. அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அவர்கள் இரண்டு ஆண்டுகளில் போய்விடுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அதே மைதானத்தில் ஓடி வளர்ந்த பிள்ளை, தன் முறை வரும்போது கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலுடன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் அதைப் பார்த்துவிட்டு விளையாட்டையே விட்டுவிடுகிறான். பிறகு மறுபடியும் வெளியிலிருந்துதான் ஆள் தேட வேண்டும்.

கிண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழைத்து வருவோரின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கட்டும். 13 வயதுக்குட்பட்ட அணிக்கும் மூத்த அணிக்குக் கொடுக்கும் அதே தரமான பயிற்றுநரைக் கொடுங்கள். பழைய மாணவர் சங்கங்கள் வாரி வழங்கும் பணத்தில் ஒரு பகுதி அங்கே போகட்டும். ஓர் அதிபரைப் பாராட்டுவதானால், இவ்வாண்டு வென்ற கிண்ணத்தோடு சேர்த்து, அடுத்த ஆண்டு அணியில் எஞ்சியிருக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டுவிட்டுப் பாராட்டுங்கள்.