கொல்லிமலையில் ஒரு மழைப் பயணம்

ஐப்பசி மாதத்தில் மலை ஏறப் போவதாகச் சொன்னால், புத்தியுள்ளவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பது இயல்பே. நம் வீட்டார் ஒரு பெரிய குடையையும், ஒரு பொட்டலம் சுக்குப் பொடியையும், கணக்கற்ற எச்சரிக்கைகளையும் கொடுத்து நம்மை வழியனுப்பினார்கள். அவ்வளவுக்கும் மிஞ்சி நாம் புறப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் கோலியனூரில் இருக்கிறது.

விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரிக்கும் பண்ணுருட்டிக்கும் சாலைகள் பிரிகின்ற ஊர் கோலியனூர். அங்கே நமக்கு ஓர் உழவர் நண்பர் இருக்கிறார். 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தென்பெண்ணை கரை புரண்டது. நண்பரின் சம்பாப் பயிர் பல நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப் போயிற்று. நாம் ஆறுதல் சொல்லச் சென்றபோது அவர், "ஐயா, பயிர் போனால் மறு வருஷம் வரும். மனசு போய்விட்டதே! நிலத்தை மனைக்குக் கேட்கிறார்கள். கொடுத்து விடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? பட்டணத்தில் அரிசியை விலைக்கு வாங்கிச் சாப்பிடும் நாம், "விற்காதீர்" என்று உபதேசம் செய்வது அழகல்ல. ஆகையால், "கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மலையிலே நெல் விளைவதைப் பார்த்துவிட்டு வருவோம், அங்கே பள்ளத்தில் நிற்கும் தண்ணீரையல்ல, பாய்ந்து ஓடுகிற தண்ணீரையே கட்டி ஆளுகிறார்கள்" என்றோம். அவர் சிரித்தார். ஆயினும் மறு ஆண்டு ஐப்பசியில் தாமாகவே மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

விழுப்புரத்தில் ரயிலேறி, விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் சேர்ந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் இராசிபுரம் கடந்து, மலையடிவாரமான காரவள்ளியை அடைந்தோம். அங்கே ஆரம்பமாகின்றன பெயர் பெற்ற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பது வரையில் எண்ணினோம். அதற்கப்புறம் எண்ணியது கடவுளின் நாமத்தைத்தான். மூடுபனியில் சாலையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. பள்ளம் தெரியாதது ஒரு வகையில் நன்மையே. ஓரிடத்தில் மரம் ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது. பிரயாணிகள் எல்லாரும் இறங்கி, "ஏலேலோ" போட்டு அதை ஓரமாக இழுத்துத் தள்ளினார்கள். நம் குடை அந்தச் சேவையில் உயிர் நீத்தது.

வழியில் நண்பருக்கு ஒரு பழங்கதையை ஞாபகப்படுத்தினோம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனைப் போரில் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. அந்தக் காரியோ பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர்க்காரன்! "அப்படியானால் நம் பக்கத்து ஆள்தான் இங்கே வந்து தகராறு செய்தானா? மலையிலே போய் அதைச் சொல்லிவிடாதீர்கள்" என்றார் நண்பர்.

செம்மேட்டில் இறங்கி, மறுநாள் காலையில் மழையோடு மழையாக நடந்தோம். முழங்காலளவு ஓடிய ஓர் ஓடையைக் கைகோத்துக் கடந்தோம். சரிவில் இரண்டு முறை நாமும் ஒரு முறை நண்பரும் சறுக்கி விழுந்தோம். பிறகு மேகம் சற்று விலகியது. கண்ட காட்சியை என்னவென்று சொல்வோம்! பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேலே மேலே படிப்படியாக வயல்கள். ஒவ்வொரு படிக்கும் மண்ணும் கல்லுமாக ஒரு வரப்பு. ஒவ்வொரு வரப்பிலும் ஒரு மடை. மேல் வயலில் நிரம்பிய தண்ணீர் மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கி, அங்கே நிரம்பி, அதற்கும் கீழே இறங்கிற்று. கொட்டுகிற மழை முழுவதும் ஓர் அவசரமும் இல்லாமல் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பெரியவர் கோணிப்பையைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, மண்வெட்டியுடன் வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். இந்த மலையின் மக்கள் மலையாளிகள் எனப்படுவோர். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள் கொள்ள வேண்டும். பேசுவது தமிழே. முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழங்கும் கதை. பள்ளத்தில் நெல்லும், சரிவில் சாமை, தினை, கேழ்வரகும் பயிரிடுவது அவர்கள் வழக்கம்.

"கவுண்டரே, இந்த மழையிலா வேலை?" என்று நண்பர் கேட்டார்.

"மழையில்தானே ஐயா வேலை! மேல் வயல்காரன் வரப்பை விட்டால் கீழே இருக்கிறவனுக்கு வயலே கிடையாது. ராத்திரி பெரிய மழை பெய்தால் எல்லாரும் எழுந்து வந்துவிடுவோம். என் வயல் உன் வயல் என்று அப்போது பார்க்க முடியுமா?"

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. நாமும் தொந்தரவு செய்யவில்லை.

எல்லாம் நலமென்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். சாமை விளைந்த சரிவுகளைச் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டு வெகு காலமாகிறது. பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "எனக்குப் பின்னால் இந்த வரப்பை யார் போடுவார்கள்?" என்று அவர் கேட்டபோது, நம்மிடம் விடையில்லை. இது கொல்லிக்கு மட்டும் வந்த துன்பமன்று. பிலிப்பைன்ஸ் தேசத்தில் இஃபுகாவோ மக்கள் மலையையே படியாக வெட்டி நெல் விளைவித்தார்கள். 1995-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஆறே ஆண்டுகளில், 2001-ல், அழியும் நிலையிலுள்ள சின்னங்களின் பட்டியலில் அதைச் சேர்க்க நேர்ந்தது. உழைப்பவர்கள் வயலை விட்டுப் போனதே முக்கியக் காரணம். மீண்டும் பாடுபட்டுச் சீர்திருத்திய பின், 2012-ல்தான் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிற்று. பட்டயம் வரப்பைக் காப்பதில்லை, மண்வெட்டிதான் காக்கிறது.

திரும்பும் வழியில், ரயில் விருத்தாசலம் தாண்டியதும் நண்பர் வாய் திறந்தார். "எங்கள் ஊரில் தண்ணீர் வடியாததற்கு மழை மட்டும் காரணமில்லை, ஐயா. வாய்க்கால் தூர்ந்து கிடந்தது எல்லாருக்கும் தெரியும். அவரவர் வயலுக்கு நேரே மட்டும் வெட்டிவிட்டுப் பேசாமல் இருந்தோம். நானுந்தான்."

அடுத்த வாரம் அவரிடமிருந்து தகவல் வந்தது. பக்கத்து வயல்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாய்க்காலில் இறங்கியிருக்கிறார்களாம். நிலத்தை விற்கவில்லையா என்று கேட்டோம். "இந்த வருஷம் இல்லை" என்றார்.

அந்த ஒரு வருஷத்தை அவருக்குத் தந்தது நம் வாதமன்று. மழையில் நனைந்த ஒரு கிழவரின் மண்வெட்டி. நாம் கொடுத்த விலை ஒரு குடைதான். அது நமக்கு லாபமென்றே தோன்றுகிறது.