பெட்ரோல் போகாத இடம்

காலை நிகழ்ச்சிக்காக நான் வீட்டிலிருந்து கிளம்புவது நாலரை மணிக்கு. கொஞ்ச நாளாகவே காரை முடுக்கியதும் அது குளிரில் நடுங்குவதுபோல் குலுங்கியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் நுழையும்போது மிதித்தால் ஒரு கணம் திணறும். பின்னால் லோரி வரும்போது அந்த ஒரு கணம் ரொம்ப நீளம்.

இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் திரவம் வாங்கித் தொட்டியில் ஊற்றினேன். மூன்று பாட்டில். குலுக்கல் நிற்கவில்லை.

பட்டறையில் போர்மன் அண்ணன் சிரித்தார். "மருந்து நல்ல மருந்துதான் தங்கச்சி. நோய் இருக்கிற இடத்துக்கு அது போகாதே!"

பழைய கார்களில் இன்ஜெக்டர் வால்வுக்கு வெளியே, காற்று வரும் குழாயில் இருக்கும். பெட்ரோல் வால்வை நனைத்து, கழுவிக்கொண்டே உள்ளே போகும். என் கார் நேரடி இன்ஜெக்‌ஷன் வகை. இன்ஜெக்டரின் மூக்கு சிலிண்டருக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கிறது.

தொட்டிக்குள் இருக்கும் பம்ப் ஏறத்தாழ 5 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னே அனுப்புகிறது. இன்ஜின் தலையில் கேம்ஷாப்ட் இடித்து இயக்கும் இரண்டாவது பம்ப், அதை 200 பார் வரை, சில கார்களில் அதற்கும் மேலே ஏற்றுகிறது. நம் டயரில் இருப்பதோ 2 பாருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! எதற்கு இவ்வளவு அழுத்தம்? நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க நூறில் ஒரு வினாடிதான் ஆகும். அந்த அவசரத்தில் பெட்ரோல் பனிபோல் சிதறிக் காற்றோடு கலந்தாக வேண்டும். அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றும் குளிர்கிறது. அதனால் காற்றை இன்னும் இறுக்கலாம். அதே பெட்ரோலில் கூடுதல் வேலை வாங்கலாம்.

வால்வுதான் பாவம். இன்ஜினுக்குள்ளிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை அதன் முதுகில் படிந்து கருகுகிறது. கழுவிவிட ஆளில்லை. அண்ணன் காற்றுக்குழாயைக் கழற்றிக் கைப்பேசி விளக்கை அடித்துக் காட்டினார். அடிப்பிடித்த குழம்புச் சட்டி தோற்றது.

வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் வேகமாக அடித்துச் சுரண்டினார். அரை நாள் வேலை. குலுக்கல் போய்விட்டது. "டிக் டிக்" சத்தம் மட்டும் போகவில்லையே என்றேன். ஒலிவாங்கி முன்னால் பிழைக்கும் காதல்லவா? "அது இன்ஜெக்டரும் பம்பும் வேலை செய்யிற சத்தம்மா. விடுங்க" என்றார்.

டோயோத்தாவின் டி-4எஸ் போன்ற சில இன்ஜின்களில் இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் உண்டு. வால்வுக்கும் குளியல் கிடைக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள், உட்கார்ந்து இருக்கையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். நான் நிறத்தைத்தான் கேட்டேன்.