பொய்மலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு

மாத்தளையில் ஏறுசுவர்க் கூடம் ஒன்று அமைத்தால் என்ன என்று யாராவது பேச்செடுத்தால் போதும், பதில் ஆயத்தமாக வந்து விழும்: "சுத்திவர மலை. எங்களுக்கு எதுக்குப் பொய்மலை?" கேட்கும்போது மறுக்க முடியாத நியாயமாகத்தான் இருக்கிறது. வடக்கே சீகிரியா, கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர், நகரை விட்டு வெளியேறியதுமே அலுவிகாரைப் பாறை. இப்படியொரு மாவட்டத்தில் பலகையில் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்துப் பிள்ளைகளை ஏறச் சொல்வது யாருக்கும் வேடிக்கையாகவே படும்.

இந்த வாதம் தனியாக வருவதில்லை. பணக்காரர் விளையாட்டு, ஆபத்தானது, பதக்கம் கிடைக்கப்போவதில்லை, வீடில்லாத ஊருக்கு இது தேவையா என்று இன்னும் சில அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். இரண்டில் பாதி நியாயம் உண்டு. அந்தப் பாதியை ஒப்புக்கொள்வதில் நமக்கு நட்டமில்லை.

"மலை இருக்கும்போது சுவர் எதற்கு?"

மலை இருக்கிறது; ஏறத்தான் விடமாட்டார்கள். விடவும் கூடாது. சீகிரியா 1982இலிருந்து உலக மரபுரிமைத் தலம். அங்கே நாள்தோறும் கூட்டங்கூட்டமாக ஏறுகிறார்களே என்பீர்கள். அவர்கள் ஏறுவது ஏறத்தாழ 1,200 படிகளை, கம்பியைப் பிடித்துக்கொண்டு. குளவி கலைந்தால் ஒதுங்குவதற்குச் சிங்கப்பாதத்தடியில் வலைக்கூண்டு கூட உண்டு. பாறையேற்றம் என்பது வேறு வேலை. அதற்குப் பாறையைத் துளையிட்டு போல்ட் இறுக்க வேண்டும், கயிறு கட்ட வேண்டும், ஒரே பிடியில் நூறு பேர் கைவைத்துத் தேய்க்க வேண்டும். 2015இல் சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஜனாதிபதி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அவர் வெளியே வந்தார். பெயர் கீறியதற்கே இந்தக் கதி என்றால் துளைபோடும் இயந்திரத்தோடு போகிறவனை யார் விடுவார்கள்?

மற்றப் பாறைகளையும் பாருங்கள். தம்புள்ளைப் பாறை குகைக் கோயிலுக்குரியது. 1991இல் அதுவும் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அலுவிகாரையும் பிதுரங்கலவும் விகாரை நிலம். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். 2010இல் மத்திய மலைநாட்டு மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியானது. சீட்டு வாங்கிக்கொண்டு பாதை வழியே நடக்கலாம். பாறையில் ஆணி அடிக்க முடியாது. ஆக, மாவட்டத்தின் பேர்போன பாறைகள் எல்லாம் ஒன்றில் தொல்பொருள், அல்லது வழிபாட்டிடம், அல்லது வனம். அவற்றின் மேல் மதிப்பு வைத்திருப்பவர்தான் பிள்ளைகள் பழக வேறோர் இடம் கேட்க வேண்டும்.

மழை இன்னொன்று. தென்மேற்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் இரண்டு பருவக்காற்றும் நக்கிள்ஸில் மோதுகின்றன. அந்த மலைத்தொடரின் ரிவர்ஸ்டனில் காலையில் வெயில் காய்ந்த பாறை பகல் சாய்வதற்குள் மூடுபனியில் வழுக்கும். மலையும் மழையும் சேர்ந்திருக்கும் ஊர்களில்தான் ஏறுசுவர் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் முதல் வணிக ஏறுகூடம் 1987இல் சியாட்டில் நகரில் திறந்தது. மழைக்குப் பேர்போன அந்த நகரைச் சுற்றிப் பனிமலைகள். ஆல்ப்ஸ் மலையின் மடியில் இருக்கும் இன்ஸ்புருக் நகரம் 2017இல் பெரியதோர் ஏறுகூடத்தைத் திறந்தது. ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளையையும் நீச்சல் பழக்க முதலில் ஆழமில்லாத தண்ணீரில்தானே இறக்குகிறோம்.

"இது பணக்காரர் விளையாட்டு"

இதில் பாதி உண்மை. ஏறுவதற்கென்றே செய்த சப்பாத்து மலிவில் வாங்கினாலும் 60, 70 டொலர். நம் காசில் 20,000 ரூபா அளவு. தோட்டத்தில் இரண்டு கிழமை கொழுந்து பறித்த கூலி அதற்கே போய்விடும். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் அதைக் கண்ட சனத்திடம் போய், குளிரூட்டிய கூடத்துக்கு மாதக் கட்டணம் கட்டு என்றால் சிரிப்பார்கள். அப்படியொரு கூடத்தைத்தான் கட்டப்போகிறார்கள் என்றால் நானும் வேண்டாம் என்பவர் பக்கம்.

ஆனால் சுவருக்கு அவ்வளவும் தேவையில்லை. உள்ளே இருப்பது என்ன? உறுதியான சட்டம், அதில் அறைந்த தடித்த ஒட்டுப்பலகை, பலகையின் பின்புறம் பதித்த நட்டுகள், அந்த நட்டுகளில் முன்னாலிருந்து முறுக்கி இறுக்கிய ரெசின் பிடிகள். நாலரை மீட்டருக்கு மேல் போகாத சுவருக்குக் கயிறே வேண்டாம். கீழே தடித்த மெத்தை போதும். ஒரே பலகையில் மஞ்சள் பிடிகளை மட்டும் தொட்டு ஏறினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வழி. கறுப்புப் பிடிகளை மட்டும் தொட்டு ஏறினால் இளைஞனும் திணறும் ஒரு வழி. பிடிகளைக் கழற்றி இடம் மாற்றினால் அடுத்த மாதம் புதுச் சுவர். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளர் டொன் ரொபின்சன் 1964இல் ஒரு நடைவழிச் சுவரில் கற்களைப் பதித்துத்தான் தொடங்கினார். அந்த நடைவழியில் பழகியவர்கள் பிற்பாடு நாட்டின் முன்னணிப் பாறையேறிகள் வரிசையில் வந்தார்கள்.

சப்பாத்தைக் கூடமே வாங்கி வைத்து அளவுக்கேற்பக் கொடுக்கலாம். பாடசாலைக் கிரிக்கெட் அணியில் ஒவ்வொரு பையனும் சொந்தமாகவா காற்காப்பு வாங்குகிறான்? இதே மாவட்டத்தில், தம்புள்ளையில், 2000ஆம் ஆண்டு சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் எழுந்தது. மரக்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊருக்கு அது எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு. கிரிக்கெட் மட்டை என்ன இலவசமாகவா கிடைக்கிறது?

"விழுந்தால் யார் பொறுப்பு? நம் பிள்ளைகள் மரமேறியே வளர்ந்தவர்கள்"

இவை இரண்டும் ஒரே வாயில் வருகின்றன என்பதுதான் விசித்திரம். கயிறும் மெத்தையும் உள்ள சுவர் ஆபத்து. எதுவுமே இல்லாத மரம் இயல்பு.

மாத்தளை வாசனைப் பயிர் நாடு. கராம்பு பூக்கும் காலத்தில் தோட்டப்பக்கம் போய்ப் பாருங்கள். மொட்டு கிளையின் நுனியில் இருக்கும். நுனி பாரம் தாங்காது. பறிப்பவர் ஒரு கையால் மேல்கிளையைப் பிடித்தபடி மறுகையால் கொத்தை வளைத்து முறிப்பார். மழையில் நனைந்த கராம்புக் கிளை சத்தமே இல்லாமல் ஒடியும். மிளகு பறிப்பவர் மூங்கிலில் கணுவை மிதித்து ஏறுகிறார், கித்துள் சீவுபவர் கத்தியோடு ஏறுகிறார். இவர்களில் பெரும்பாலோரிடம் இடுப்புப் பட்டி கிடையாது. மரத்தால் விழுந்து முதுகெலும்பு முறிந்து படுத்தவர்கள் நம் ஆஸ்பத்திரிகளுக்குப் புதியவர்கள் அல்லர். தோட்டப்புறத்தில் அப்படியொருவரை அறியாத குடும்பம் அரிது.

கயிற்றுச் சுவரில் நடப்பதைக் கவனியுங்கள். ஏறுபவர் இடுப்புப் பட்டியில் எட்டு வடிவ முடிச்சுப் போடுகிறார். கீழே கயிறு பிடிப்பவர் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறார். ஏறுபவர் திரும்ப, கயிறு பிடிப்பவரின் கருவியில் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். இருவரும் வாய்விட்டுச் சொன்ன பிறகே முதல் கால் சுவரில் படும். எத்தனை வருடம் ஏறியவரும் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. இதில் விபத்தே நேராது என்று சொல்லவில்லை. கணுக்கால் சுளுக்கும், விரல் நரம்பு இழுபடும். ஆனால் விழுவதற்கு முன்னேற்பாடு செய்துகொண்டு ஏறும் பழக்கம் ஒன்று இருக்கிறது என்பதைப் பத்து வயதில் தெரிந்துகொண்ட பிள்ளை, இருபது வயதில் கராம்பு மரத்தடியில் நிற்கும்போது கயிறு எங்கே என்று கேட்கும். அந்தக் கேள்வி தோட்டங்களில் எழுந்தாக வேண்டும்.

மரமேறி வளர்ந்தவர்கள் என்று சொல்லும்போது ஆண்பிள்ளைகளை மட்டுமே நினைக்கிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது. பெண்பிள்ளை மரத்தில் கால் வைத்தால் இறங்கு என்ற அதட்டல் வரும். எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஒரு பெண்: ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21. மலையேற்றம் பயில அவர் டார்ஜிலிங் வரை போக வேண்டியிருந்தது.

"பதக்கமா வரப்போகிறது?"

பதக்கத்துக்காக மட்டும் விளையாட்டு என்றால் இலங்கையில் பல மைதானங்களைப் பூட்டவேண்டி வரும். ஒலிம்பிக்கில் நமக்குக் கிடைத்தவை இரண்டே பதக்கங்கள்: 1948இல் டங்கன் வைட், 2000இல் சுசந்திகா. இருந்தும் கணக்கு இந்த விளையாட்டில் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது.

சுவரேற்றம் ஒலிம்பிக்கில் நுழைந்தது டோக்கியோவில். பாரிஸில் 2024இல் வேக ஏற்றம் தனிப் போட்டியானது. அதற்கான சுவர் 15 மீட்டர் உயரம், ஐந்து பாகை முன்சாய்வு, கைக்கு 20 பிடி, காலுக்கு 11. உலகமெங்கும் இதே வழிதான், ஒரு பிடி கூட மாறாது. பாரிஸில் இறுதிப் போட்டியில் ஏறியவரும் அந்த அளவில் சுவர் கட்டிய ஏதோவொரு சிற்றூரின் பள்ளிப் பிள்ளையும் பழகுவது ஒரே பாடத்தை. ஆண்கள் தங்கத்தை 4.75 செக்கனில் ஏறி வென்றவர் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ. அதுவரை அந்த நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கம் வந்ததெல்லாம் பூப்பந்தில்தான். அவர் பிறந்த பொந்தியானாக், பூமத்திய ரேகை மேல் கிடக்கும் தட்டையான ஆற்றங்கரை நகரம். அங்கே மலை கிடையாது. மலை இருப்பதே போதும் என்பவர்கள் இந்த ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

"லயம் இடிந்து கிடக்கும்போது இதுவா முக்கியம்?"

எல்லாவற்றிலும் கனமான வாதம் இது. மேலே சொன்னவற்றைப் போல இதைத் தட்டிவிட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளில் கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் மாத்தளையும் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கும் பாதைக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபா கூட விளையாட்டின் பக்கம் திரும்பக் கூடாது. வீடா சுவரா என்று ஒரே பணத்துக்குப் போட்டி வந்தால் வீடுதான்.

ஆனால் விளையாட்டுக்கென்று ஒதுக்கும் பணம் வேறு கணக்கு. அது எங்கே போகிறது? வெற்றிக் கிண்ணங்களுக்கும், மைதானத்தில் வருடத்துக்கு இரண்டு நாள் நடக்கும் விழாக்களுக்கும், ஒலிபெருக்கிக்கும் கணிசமாகப் போகிறது. அதிலிருந்து ஒரு பங்கைக் கேட்பது லயத்துப் பிள்ளையின் கூரையைப் பிடுங்குவதாகாது. சமதரையே கிடைக்காத தோட்டங்களில் மைதானம் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும்: சுவருக்கு வேண்டிய தரை மிகக் கொஞ்சம். ஒரு வகுப்பறை அளவு போதும்.

சரி, எப்படிப்பட்ட சுவர்? நகரத்தில், உக்குவளை, ரத்தோட்டை, எல்கடுவ பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு நடை தூரத்தில். தகரக் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால் காற்று வரும், குளிரூட்டி வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்கலாம், சீகிரியாவுக்குப் போகிற வழியில்தானே இருக்கிறோம். தளர்ந்த நட்டை இறுக்கவும் நைந்த மெத்தையை மாற்றவும் வருடாந்தம் பணம் ஒதுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூன்றாம் வருடம் பூட்டுத் தொங்கும்.

கட்டடத்துக்கு முன் ஆள் வேண்டும். கட்டடத்தைத் திறந்து வைக்கப் போட்டி போடுபவர்கள் பயிற்றுநர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மாநகர சபையோ மாகாண விளையாட்டுத் திணைக்களமோ உண்மையில் அக்கறை கொண்டிருந்தால், மாத்தளை இளைஞர் இருவரை, அதில் ஒருவர் பெண்ணாக, முதலில் பயிற்சிக்கு அனுப்பட்டும். அவர்கள் சான்றிதழோடு வந்து நியமனக் கடிதம் வாங்கிய பிறகு பலகைக்குக் கேள்விப்பத்திரம் கோரலாம்.